மறுபடியும் அதே விருந்தினர்

(சிறு பாட்காஸ்ட் நடத்துகிறவர்களும் அவற்றைக் கேட்கிறவர்களும் மதுரையில் கூடியபோது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் பாதிப்பேர் சொந்தமாகப் பாட்காஸ்ட் நடத்துகிறீர்கள் என்று சொன்னார்கள். ஒருவருக்குக் கல்வெட்டு, ஒருவருக்கு நாட்டு மாடு, ஒருவருக்குச் சதுரங்கம், இன்னொருவருக்குப் பழைய கிராமபோன் தட்டு. ஊரில் நூறு பேருக்கு அக்கறை இருந்தாலே பெரிது என்று சொல்லக்கூடிய விஷயங்கள். அந்த நூறு பேருக்காக, பிள்ளைகள் தூங்கிய பிறகு, சத்தம் வராமல் இருக்க மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்கப் பதிவு செய்கிறவர்கள் நீங்கள். நானும் உங்களில் ஒருவன்தான். கண்மாய்களைப் பற்றி ஆறு வருஷமாக ஒரு நிகழ்ச்சி நடத்தி வருகிறேன்.

நான்காம் வருஷம் ஒருநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, நீர்நிலைகளைப் பற்றித் தமிழில் அதுவரை நான் கேட்டிருந்த உரையாடல்களை எல்லாம் வரிசையாக எழுதினேன். என்னுடைய நிகழ்ச்சியையும் சேர்த்துத்தான். இடது பக்கம் நிகழ்ச்சியின் பெயர், வலது பக்கம் விருந்தினரின் பெயர். இடது பக்கத்தில் பெயர்கள் மாறிக்கொண்டே போயின. வலது பக்கத்தில் ஆறேழு பேர் திரும்பத் திரும்ப வந்தார்கள். அந்த ஆறேழு பேரில் நாலு பேரை நானும் அழைத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று ஏறத்தாழ 39 ஆயிரம் பாசன நீர்நிலைகள் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறது. அத்தனைக்கும் சேர்த்து ஆறேழு குரல். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இது எப்படி நடந்தது என்று அன்று தொடங்கிய யோசனையைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

பாட்காஸ்ட் பிறந்த காலத்தில் அதன்மேல் வைத்திருந்த நம்பிக்கையை முதலில் நினைத்துப் பார்க்கவேண்டும். 2003இல் அமெரிக்காவில் கிறிஸ்டோபர் லைடன் என்ற வானொலிக்காரர் ஹார்வர்டில் உட்கார்ந்து நேர்காணல்களைப் பதிவு செய்தார். டேவ் வைனர் என்ற மென்பொருள்காரர் அந்த ஒலிக்கோப்புகளை இணைய ஓடையில் சேர்த்து அனுப்ப வழி செய்தார். 2004 பிப்ரவரியில் லண்டன் கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரை ஒன்றில்தான் 'பாட்காஸ்டிங்' என்ற சொல் முதலில் அச்சேறியது. 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்டுக்கு இடம் கொடுத்தது. அலைவரிசை வேண்டாம், உரிமம் வேண்டாம், நிலைய இயக்குநரின் கையெழுத்து வேண்டாம், யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றார்கள். வானொலியில் அரை மணி நேரம்தான் இருக்கிறது, அதனால் பெரியவர்களுக்குத்தான் கொடுக்க முடியும் என்று சொல்ல ஒரு காரணம் இருந்தது. நமக்கு அந்தக் காரணம் இல்லை. விடிய விடியப் பேசினாலும் தடுப்பார் கிடையாது.

கதவைத் திறந்தாயிற்று. பிறகு ஏன் அதே ஆட்கள் உள்ளே வந்துகொண்டே இருக்கிறார்கள்?

ஒருவரை அழைக்கலாமா என்று யோசிக்கும்போது நாம் முதலில் செய்வதைப் பார்ப்போம். அவர் வேறெங்காவது பேசியிருக்கிறாரா என்று தேடுகிறோம். பத்து நிமிஷம் கேட்டுப் பார்க்கிறோம். குரல் தெளிவாக இருக்கிறதா, கேட்டதற்குப் பதில் சொல்கிறாரா, ஒரு மணி நேரம் ஓடுமா. நியாயமான சோதனைதான். ஆனால் இதில் தேறுவதற்கு ஒருவர் ஏற்கெனவே எங்கேயாவது பேசியிருக்க வேண்டும். முதன்முதலில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு காரணத்துக்காக அவரை அழைத்திருப்பார். கூடப் படித்தவராக இருக்கலாம், பக்கத்துத் தெருக்காரராக இருக்கலாம், அன்றைக்கு வேறு ஆள் கிடைக்காமல் இருந்திருக்கலாம். அதைக் கேட்டு இரண்டாமவர் அழைக்கிறார், இரண்டையும் கேட்டு மூன்றாமவர். பத்தாவது ஆள் அழைக்கும்போது, அந்தத் துறையென்றால் அவர்தான் என்று ஆகிவிடுகிறது. இந்தப் பத்துப் பேரில் யாரும் தவறு செய்யவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் போனவரின் தீர்ப்பை நம்பினார், அவ்வளவுதான்.

இந்த நடப்புக்குச் சமூகவியலில் ஒரு பெயர் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மெர்ட்டன் 1968இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில் இதற்கு 'மத்தேயு விளைவு' என்று பெயர் வைத்தார். உள்ளவனுக்கு மேலும் கொடுக்கப்படும் என்று மத்தேயு நற்செய்தியில் வருகிறதே, அதிலிருந்து எடுத்த பெயர். இரண்டு விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரு கண்டுபிடிப்பைச் செய்தால் புகழ் பெரும்பாலும் ஏற்கெனவே புகழ்பெற்றவருக்கே போய்ச் சேருகிறது என்பதுதான் அவர் காட்டியது. அந்தக் கட்டுரை எதன்மேல் நின்றது தெரியுமா? ஹேரியட் ஸக்கர்மன் என்ற இளம் ஆய்வாளர் அமெரிக்காவின் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிகளைத் தேடிப்போய் எடுத்த நேர்காணல்களின்மேல். கட்டுரையில் ஆசிரியர் பெயர் மெர்ட்டன் ஒருவருடையது மட்டும்தான். பிற்பாடு அவரே, இது எங்கள் இருவர் பெயரிலும் வந்திருக்க வேண்டிய கட்டுரை என்று அச்சில் ஒப்புக்கொண்டார். பின்னாளில் ஸக்கர்மன் அவருடைய மனைவியும் ஆனார். 1993இல் மார்கரெட் ராஸிட்டர் என்ற வரலாற்றாசிரியர், பெண் விஞ்ஞானிகளின் உழைப்பு இப்படி ஆண்களின் கணக்கில் ஏறுவதற்கு 'மடில்டா விளைவு' என்று பெயர் கொடுத்தபோது இதையும் சான்றாக எடுத்துக் காட்டினார். அந்தப் பெயருக்கு உரியவரான மடில்டா ஜாஸ்லின் கேஜ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்ணுரிமைக்காகப் போராடிய அமெரிக்கர்.

இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புகழ் எப்படிப் புகழைச் சேர்க்கிறது என்று அந்த உலகத்தில் மெர்ட்டனைவிட நன்றாக அறிந்தவர் யார்? அவர் கையிலேயே இது நடந்தது. கெட்ட எண்ணத்தால் அல்ல, பழக்கத்தால் நடந்தது. நமக்குள் யாராவது, நான் நல்லவன், ஆள் பார்த்து அழைக்க மாட்டேன் என்று நினைத்தால், நல்ல எண்ணம் மட்டும் இதற்குப் போதாது என்பதை அந்த ஒரு கட்டுரையே காட்டிவிடும்.

எனக்கும் நடந்தது. கண்மாயில் படியும் வண்டலைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த ஒரு பெண்ணிடம் பேச வரச் சொன்னேன். மூன்று வருஷம் வெயிலில் நின்று கண்மாய் கண்மாயாக மண் எடுத்தவர். "சார், என் கைடு நல்லாப் பேசுவாங்க, அவங்களக் கூப்பிடுங்களேன்" என்றார். நானும் சரி என்று அவருடைய கைடை அழைத்தேன். நிகழ்ச்சி நன்றாகத்தான் இருந்தது. ஆனால், கண்மாயின் நடுவில் எடுத்த மண்ணுக்கும் கரையோரம் எடுத்த மண்ணுக்கும் கையில் என்ன வித்தியாசம் தெரிந்தது என்று கேட்க எனக்கு ஆள் இல்லாமல் போயிற்று. ஸக்கர்மனைப் பற்றிப் படித்தபோது அந்தப் பெண்ணின் முகம்தான் என் முன்னால் வந்தது. அவர் தயங்கியபோது இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

திறமை இருப்பதால்தானே அவர்கள் புகழ் பெற்றார்கள் என்று கேட்கலாம். சரியான கேள்வி. இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற மூவர் 2006இல் வெளியிட்டது. பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகளை இணையத்தில் வைத்தார்கள். பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து கேட்டார்கள். ஒரு பகுதியினருக்குப் பாட்டு மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அவரவர் உலகத்தில் முன்னால் வந்தவர்கள் எந்தப் பாட்டை எத்தனை முறை இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டினார்கள். எட்டு உலகத்திலும் பாட்டுகள் அதே 48தான். ஆனால் ஓர் உலகத்தில் உச்சத்துக்குப் போன பாட்டு இன்னொன்றில் நடுவில் கிடந்தது. மிக நல்ல பாட்டு அடியோடு தோற்பது அபூர்வம், மிக மோசமான பாட்டு ஜெயிப்பதும் அபூர்வம். இடையில் இருந்த பெருங்கூட்டத்தில் எது வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போய் நின்றது.

ஆகவே நாம் அழைக்கிற பிரபலங்கள் தகுதி இல்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் தகுதி உள்ளவர்கள்தான். அதே தகுதியோடு, முதல் அழைப்பு வராததால் மட்டும் நிழலில் நிற்கிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் என் கவலை.

இதில் சிறிய நிகழ்ச்சிக்கென்றே ஒரு நெருக்கடி இருக்கிறது. பெரிய நிகழ்ச்சிக்கு அதன் பெயரே ஆளைக் கூட்டிவரும். நாற்காலியில் யாரை உட்கார வைத்தாலும் கேட்பார்கள். நமக்கோ விருந்தினரின் பெயர்தான் ஆளைக் கூட்டிவர வேண்டும். கோயில் திருவிழாவில் பட்டிமன்றம் வைக்கிற கமிட்டியைப் பார்த்திருப்பீர்கள். டிவியில் பார்த்த முகம் நோட்டீஸில் இருந்தால்தான் வசூலுக்குப் போகிறவர் தைரியமாக வீட்டுப் படி ஏறுவார். உள்ளூரில் அதைவிட நன்றாகப் பேசக்கூடிய தமிழாசிரியர் இருப்பார். அவருக்கு வரவேற்புரை கொடுப்பார்கள். கமிட்டிக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கையில் இருப்பது ஊர்ப்பணம். நம் கையில் இருப்பது நம் தூக்கம்.

தேடுகிற முறையும் பெயருக்கே சாதகமாக இருக்கிறது. செயலியில் போய்க் கேட்பவர் தட்டுவது பெரும்பாலும் ஒரு பெயரை. தலைப்பில் இருக்கும் பெயர் உடனே கிடைக்கும். நாற்பதாவது நிமிஷத்தில் ஒருவர் சொன்ன அருமையான விஷயம் ஒலிக்குள்ளேயே புதைந்து கிடக்கும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதற்கு மேல் புத்தக வியாபாரமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு புத்தகம் வெளியாகும் மாதத்தில் பதிப்பகத்தின் விளம்பரப் பிரிவே நிகழ்ச்சிகளுக்கு எழுதி எழுத்தாளரை அனுப்பிவைக்கிறது. நடத்துகிறவருக்குத் தேடும் வேலை மிச்சம். அதனால்தான் ஒரே ஆள் ஒரே மாதத்தில் பத்து இடத்தில் பேசுவதைக் கேட்கிறோம்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பழகிய விருந்தினர் என்றால் ஒரு வாட்ஸ்அப் செய்தி, ஒரு மணி நேரம் பதிவு, இரண்டு மணி நேரம் எடிட். அவர் வீட்டிலேயே நல்ல மைக் இருக்கும். புதியவர் என்றால் நாலு தடவை போன், அவரை அறிந்த ஒருவர் மூலம் ஓர் அறிமுகம், பஸ் பயணம், அன்றைக்கு அவர் வயலில் இருந்தால் மறுபடி ஒரு பயணம். பதிவில் பாதி மௌனமாக இருக்கும். எடிட் மூன்று இரவு. அவ்வளவுக்கும் பிறகு கேட்பவர்கள் குறைவு. இந்தப் பாரம் முழுக்க நடத்துகிறவர் ஒருவர் தலையில்தான் விழுகிறது. அடுத்த வாரம் அவர் பழகிய பெயரைத் தேடிப்போனால் அதைச் சோம்பல் என்று எப்படிச் சொல்வது?

சரி, அதனால் என்ன கெட்டுப்போயிற்று? நல்ல பேச்சாளர் பத்து இடத்தில் பேசினால் பத்து மடங்கு பேருக்குப் போய்ச் சேருமே என்று ஒரு நண்பர் கேட்டார். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

நீர் மேலாண்மையில் நன்கு அறியப்பட்ட ஒருவரை மூன்றாம் வருஷம் அழைத்தேன். பெயர் வேண்டாம். அன்பான மனிதர். என் சின்ன நிகழ்ச்சிக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினார். எடிட் செய்ய உட்கார்ந்தபோது, ஒரு சம்பவத்தை அவர் சொல்லும் இடத்தில் என் கை நின்றது. எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. அவருடைய வேறு இரண்டு நேர்காணல்களைத் திறந்து அதே சம்பவத்தைத் தேடி, மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டேன். ஒரே சொற்கள். ஒரே இடத்தில் சின்னச் சிரிப்பு, ஒரே இடத்தில் மூச்சை இழுத்து ஒரு நிறுத்தம். அவர் ஏமாற்றவில்லை. யாராக இருந்தாலும் நூறு தடவை சொன்ன கதை கூழாங்கல் மாதிரி வழவழப்பாகிவிடும். ஆனால் அந்தச் சம்பவம் நடந்த அன்று அவருக்கு இருந்த குழப்பம், தவறாகப் போட்ட கணக்கு, பக்கத்தில் நின்றவர் சொன்ன மறுப்பு எல்லாம் தேய்ந்து போயிருந்தன. நான் கேட்ட கேள்விகளும் எனக்கு முன்னால் கேட்டவர்களின் கேள்விகளே. அவரைப் புதிதாகப் பேசவைக்க நான் ஒன்றும் செய்யவில்லை.

இன்னொரு கெடுதல் கேட்பவர்களுக்கு. ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மையாகத் தோன்ற ஆரம்பிக்கும். 1977இல் லின் ஹாஷர், டேவிட் கோல்ட்ஸ்டீன், தாமஸ் டொப்பினோ என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை சில கூற்றுகளைக் கொடுத்து, எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேட்டார்கள். மறுபடி மறுபடி வந்த கூற்றுகளின்மேல், அவை பொய்யாக இருந்தபோதும், நம்பிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. ஐந்து பாட்காஸ்டில் ஒரே கருத்தைக் கேட்டவர், இந்தத் துறையே இப்படித்தான் நினைக்கிறது என்று முடிவு கட்டுவார். அவர் கேட்டது ஒரே ஆளை ஐந்து முறை. மற்ற துறைகளில் இது எப்படியோ, கண்மாயில் இது ஆபத்து. ராமநாதபுரத்துக் கண்மாய்க்குச் சரிப்படுவது செங்கல்பட்டு ஏரிக்குச் சரிப்படாது. மண் வேறு, மழை வேறு, வழக்கம் வேறு. ஒருவர் தன் ஊரில் கண்ட உண்மையைச் சொன்னார். நாங்கள் அதை மாநிலம் முழுவதுக்கும் உரியதாக ஆக்கிவிட்டோம்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும். ஒரே ஆளைத் திரும்ப அழைப்பதே தப்பு என்று நான் நினைக்கவில்லை. ரஸ் ராபர்ட்ஸ் என்ற பொருளியலாளர் 2006 முதல் வாரந்தோறும் ஈகான்டாக் என்ற பாட்காஸ்டை நடத்துகிறார். அதில் மிக அதிகமாக வந்தவர் டியூக் பல்கலைக்கழகத்தின் மைக் மங்கர். நாற்பது தடவைக்கு மேல் வந்திருக்கிறார். அவற்றைக் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் பொருள் வேறு. இருவரும் ஒருவரை ஒருவர் மறுப்பார்கள், போன வருஷம் சொன்னதைத் திருத்துவார்கள். பல வருஷமாகத் திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு பேரைக் கேட்பதுபோல இருக்கும். ஒரு வீட்டுக்கு நாற்பது முறை வருகிறவர் உறவினர் ஆகிவிடுகிறார். நாற்பது வீட்டில் ஒரே விருந்து சாப்பிடுகிறவர் விஷயம் வேறு. என் மனக்குறை இரண்டாவதைப் பற்றியது.

இனி ஒரு நீர்பாய்ச்சியைப் பற்றிச் சொல்கிறேன். இன்று இங்கே வந்ததே அவரைப் பற்றிச் சொல்லத்தான்.

சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய். மடை திறந்து வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவரை அங்கே நீர்பாய்ச்சி என்பார்கள். அறுவடையில் நெல்லாகக் கூலி அளப்பது பழைய வழக்கம். அவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். மைக்கை வைத்ததும், "எதுக்குத் தம்பி எங்கிட்ட வந்தீக? யூனியன் ஆபீசுல இஞ்சினியரு இருக்காருல்ல" என்றார். "அவர்ட்டயும் பேசுவேங்கய்யா, மொதல்ல உங்ககிட்ட" என்றேன். இருபது நிமிஷம் கேள்வி கேட்டேன். ஆமா, இல்ல, அது அப்பிடித்தேன். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. பேட்டரி வீணாகிறதே என்று பதிவுக் கருவியை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, வாங்கய்யா கரையில நடப்போம் என்றேன்.

கரையில் கால் வைத்ததும் அவர் வேறு ஆளாகிவிட்டார். குனிந்து ஒரு நண்டு வளையைக் காட்டினார். கண்மாய் பெருகி நிற்கும்போது இந்த வளை வழியாகத்தான் முதலில் கசியும், அதில் கவனம் பிசகினால் விடிவதற்குள் உடைப்பு எடுக்கும் என்றார். ஐப்பசி கார்த்திகையில் ராத்திரி கரைமேலேயே படுத்துக்கொள்வாராம். கலுங்குக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். உபரி நீர் வழிந்து போகும் இடம் அது. "இந்தக் கலுங்குச் சத்தம் இருக்கே, மொதல்ல பேச்சுக் கொடுக்கிற மாதிரி இருக்கும். அரை முழம் ஏறுச்சுன்னா வாய மூடிட்டு மொனங்குற மாதிரி ஆயிரும். அதுக்கு மேல போச்சுன்னா சத்தமே கீழ இருந்து வரும், படுத்திருக்கிற தரையில தெரியும். அப்ப எந்திரிச்சு ஊருக்குள்ள ஓடணும்." இதைச் சொல்லும்போது அவர் வாயாலேயே அந்த மூன்று சத்தத்தையும் செய்து காட்டினார்.

பதிவுக் கருவி பைக்குள் இருந்தது.

அவசரமாக வெளியே எடுத்து, ஐயா இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டேன். சொன்னார். ஆனால் மைக்கைப் பார்த்துச் சொன்னார். மூன்று சத்தம் ஒன்றாகிவிட்டது. வெளியிட்டது அந்த இரண்டாவது முறைதான். பிரபலமான விருந்தினரின் நிகழ்ச்சியைக் கேட்டவர்களில் கால்வாசிப்பேர்கூட இதைக் கேட்கவில்லை.

ஒலிக்காகவே ஒரு நிகழ்ச்சி நடத்துகிறேன். வெள்ளத்தைக் காதால் அளக்கிற மனிதர் என் முன்னால் நின்றார். இதைவிட என் நிகழ்ச்சிக்குப் பொருத்தமான விருந்தினர் யார் இருக்க முடியும்? அவரைத் தேடி எனக்கு நாலு வருஷம் கழித்துத்தான் போகத் தோன்றியது. போனபோதும், நன்றாகப் பேசிப் பழகியவர்களிடம் கேட்கிற மாதிரியே அவரிடம் கேட்டேன். நாற்காலி போட்டு, மைக் வைத்து, வரிசையாகக் கேள்வி. அந்த முறை மேடையில் பேசிப் பழகியவர்களுக்காக ஏற்பட்டது. அதில் அவர் தோற்கவில்லை, நான்தான் தோற்றேன். நாம் 'நல்லாப் பேசுவார்' என்று சொல்கிறோமே, அதில் பாதி, நம் முறைக்கு ஒத்துவருவார் என்பதுதான். புதியவரை அழைக்க விரும்புகிறவர் தன் கேட்கும் முறையையும் மாற்றிக்கொண்டாக வேண்டும். இல்லையென்றால் ஒரு தடவை அழைத்துப் பார்த்துவிட்டு, இவர்களுக்குப் பேச வராது என்ற முடிவோடு பழைய பெயர்களுக்கே திரும்பிவிடுவோம்.

இதை மாற்றிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். பிபிசியில் இன் அவர் டைம் என்று ஒரு நிகழ்ச்சி. மெல்வின் பிராக் 1998 முதல் 2025 வரை நடத்தினார், ஆயிரம் எபிசோடுக்கு மேல். வாரம் ஒரு பொருள், பெரும்பாலும் மூன்று விருந்தினர்கள். அந்தப் பொருளைப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருப்பவர்களைத்தான் அழைப்பது அவர்கள் வழக்கம். புத்தகம் விற்க வருகிறவர்களுக்கும் முகம் தெரிந்த பிரபலங்களுக்கும் அங்கே இடம் இல்லை. வகுப்பறையில் தினமும் விளக்குகிறவருக்கு விளக்கத் தெரியும் என்ற எளிய நம்பிக்கை. மூன்று பேர் இருப்பதால் ஒருவர் தயங்கினால் இன்னொருவர் தாங்குவார், ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்துவார். இங்கே யாருக்காவது புதியவரைத் தனியாக உட்கார வைக்கப் பயமாக இருந்தால், இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வையுங்கள். நான் செய்து பார்த்தேன். ஒரு நீர்பாய்ச்சியையும் அவர் மகனையும் சேர்த்துப் பேச விட்டதில் நான் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை.

அதே பிபிசியில் ராஸ் அட்கின்ஸ் என்ற செய்தியாளர் 2017 ஜனவரியில் ஒரு கணக்குத் தொடங்கினார். தன் நிகழ்ச்சி முடிந்ததும் தினமும் அவருடைய குழு இரண்டு நிமிஷம் உட்கார்ந்து, இன்று பேசியவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணியது. பிரதமர் மாதிரி செய்தியில் தவிர்க்க முடியாதவர்களைச் சேர்க்கவில்லை, தாங்கள் தேர்ந்தெடுத்தவர்களை மட்டும்தான் எண்ணினார்கள். தொடங்கியபோது நூற்றுக்கு 39. நாலே மாதத்தில் 51. யாரும் உத்தரவு போடவில்லை, தண்டனையும் கிடையாது. பிறகு பிபிசியின் நூற்றுக்கணக்கான குழுக்கள் தாமாகவே இதில் சேர்ந்தன. அதற்கு முந்தைய வருஷம், 2016இல், அமெரிக்காவில் பெண் அரசியல் ஆய்வாளர்கள் சிலர் தங்கள் துறைப் பெண்களின் பெயர்களைத் திரட்டி, பெண்களுக்கும் விஷயம் தெரியும் என்று பொருள்படும் பெயரில் ஒரு பட்டியலை இணையத்தில் வைத்தார்கள். ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லும் பத்திரிகையாளர்களுக்கு அது பதில்.

எனக்கு அந்த எண்ணிக்கை முறைதான் மிகவும் பிடித்திருக்கிறது. என் நாற்பது பக்க நோட்டும் அப்படித்தான் தொடங்கியது. இப்போது அதில் மூன்றாவதாக ஒரு பத்தி போட்டிருக்கிறேன்: இவர் இதற்கு முன் எங்காவது மைக் முன்னால் பேசியிருக்கிறாரா? மாதம் நாலு எபிசோடில் இரண்டுக்காவது 'இல்லை' என்று வரவேண்டும் என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி. போன மாதம் ஒன்றுக்குத்தான் வந்தது. இந்த மாதம் இதுவரை இரண்டு. பிரபலமானவர்களை நான் நிறுத்திவிடவில்லை. அவர்கள் வரும்போது பதிவு முடிந்ததும் ஒன்று கேட்கிறேன்: "இதுல உங்களவிட நல்லாத் தெரிஞ்ச, இதுவரைக்கும் யாரும் கூப்பிடாத ஒருத்தர் பேரு சொல்லுங்க." இதுவரை ஒருவர்கூட இல்லை என்று சொன்னதில்லை. சிலர் அங்கேயே போனை எடுத்து எண்ணைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் கேட்டால் சொல்லக் காத்திருக்கிறார்கள்.

கேட்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெயர் தெரியாத விருந்தினர் வந்தால் முதல் பத்து நிமிஷத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் தொண்டையைச் செருமுவார், ஒரே வாக்கியத்தை இரண்டு முறை தொடங்குவார். பிடித்திருந்தால் நாலு பேருக்கு அனுப்புங்கள். பிரபலங்களின் பதிவுகளை அனுப்ப ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்தப் பதிவு நீங்கள் அனுப்பினால் மட்டும்தான் போகும். நீர்பாய்ச்சியின் எபிசோடைக் கேட்டுவிட்டு முதுகுளத்தூரிலிருந்து ஒருவர் எனக்கு எழுதினார், தன் தாத்தாவும் தரையில் காதை வைத்துக் கேட்பாராம், ஏன் என்று இத்தனை வருஷமாகத் தனக்குத் தெரியாது என்று. அந்த ஒரு கடிதத்தால்தான் நான் நிகழ்ச்சியை நிறுத்தாமல் நடத்துகிறேன்.

அந்த நீர்பாய்ச்சியிடமும் கிளம்பும்போது அதே கேள்வியைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, இரண்டு கண்மாய் தள்ளி ஒரு ஊரைச் சொன்னார். அங்கே கணவர் இறந்த பிறகு அவர் பார்த்த மடை வேலையை அவருடைய மனைவி பார்க்கிறாராம். "எங்களுக்கெல்லாம் தகராறு வந்தாத்தேன் கணக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு மொதல்லயே தெரியும், அதனால அங்க தகராறே வராது" என்றார்.

போன வாரம் அந்த அம்மாவிடம் பேசினேன். "நான் என்னத்தண்ணே பேசப் போறேன்" என்றார். நான் போனை வைக்கவில்லை, சும்மா இருந்தேன். அந்தப் பக்கம் மாடு ஒன்று கத்தியது. கொஞ்ச நேரம் கழித்து, "சாயங்காலமா வாங்க, மட அடைக்கிற நேரத்துக்கு" என்றார். வியாழக்கிழமை போகிறேன். இந்த முறை கருவியைப் பையில் போடப்போவதில்லை. கையில் பிடித்து நீட்டப்போவதும் இல்லை. சட்டைப் பையில் ஓடவிட்டு, அவருக்கும் அதைச் சொல்லிவிட்டு, கூடவே நடக்கப்போகிறேன்.